இருபது சென்ட்டில் ஒரு பஞ்சாங்கம்

விநாயகர் சதுர்த்தி 2023இல் செப்டம்பர் 18 அன்று வந்தது. 2024இல் செப்டம்பர் 7, 2025இல் ஆகஸ்ட் 27, 2026இல் மறுபடி செப்டம்பர் 14. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு இது விடுமுறைக் கணக்கு. சந்திரகிரிப் பக்கம் இருபது சென்ட்டில் செண்டுமல்லி போட்டிருப்பவருக்கு இது விதைக் கணக்கு. நாற்றங்காலில் விதை விழுந்த நாளிலிருந்து முதல் கூடை பூ இறங்க ஏறக்குறைய எண்பது நாள் ஆகும். அப்படியானால் சதுர்த்திச் சந்தைக்கு 2023இல் ஜூன் 30 வாக்கில் விதைத்திருக்க வேண்டும். 2024இல் ஜூன் 19. 2025இல் ஜூன் 8. 2026இல் ஜூன் 26. 'போன வருஷம் இந்தத் தேதிக்குத்தானே விதைத்தோம்' என்று 2026லும் ஜூன் 8இல் விதைத்தவருக்குப் பண்டிகைக்குப் பதினெட்டு நாள் முன்பே பூ வந்துவிடும். செண்டுமல்லி இரண்டு மாதம் பூக்கும் செடிதான், சதுர்த்தி அன்றும் பூ இருக்கும். ஆனால் முதல் சில பறிப்பில் வருவதுதான் உள்ளங்கை நிறைக்கும் பூ. போகப்போகப் பூ சிறுக்கும், விலையும் சிறுக்கும். அந்த முதல் பறிப்புகளைக் கேட்பாரற்ற நாட்களில் விற்றுத் தீர்த்தபின் பண்டிகை வந்து என்ன பயன்? மண், தண்ணீர், விதை, உரம் எல்லாம் அதேதான். தேதி ஒன்றுதான் பிசகியது. சிறு நிலத்துக்காரர் பூப்போட்டுப் பிழைப்பதும் கெடுவதும் மகசூலைவிடத் தேதியைப் பொறுத்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். நம் தோட்டக்கலைத் திட்டங்களில் தேதிக்கு எங்கும் இடமில்லை என்பது அதோடு ஒட்டிய புகார்.

சந்திரகிரியில் இந்தத் தேதிக் கணக்கு மற்ற ஊர்களைவிடச் சிக்கலானது, அதனாலேயே சுவையானது. திருப்பதியிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் அளவில், சுவர்ணமுகி ஆற்றோரம், கோட்டை மலையின் அடியில் இருக்கிறது ஊர். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது; 2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி மாவட்டம். ஆட்சி எல்லை மாறினாலும் பேச்சில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஓடுகின்றன; பூக்கட்டும் கை நீட்டி அளப்பதைத் தமிழ் வாய் முழம் என்கிறது, தெலுங்கு வாய் மூர என்கிறது. மொழியைப் போலவே இங்கே பஞ்சாங்கமும் இரண்டு. தமிழ் மாதம் சூரியனைப் பார்த்து நடக்கிறது, அதனால் புரட்டாசி சனிக்கிழமைகள் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் பாதிக்குள்தான். தெலுங்கு மாதம் சந்திரனைப் பார்த்து நடக்கிறது. ஆண்டுக்குப் பதினோரு நாள் பின்வாங்கி, மூன்று வருடத்துக்கொரு தரம் அதிக மாசம் வந்து எல்லாவற்றையும் முன்னே தள்ளிவிடும். 2023இல் அப்படித்தான் சிராவணம் இரண்டாக வந்தது. திருமலையில் பிரம்மோற்சவமும் செப்டம்பரில் ஒன்று, அக்டோபர் நவராத்திரியில் ஒன்று என இரண்டு நடந்தன.

இரண்டு பஞ்சாங்கத்தின் நடுவில் நிற்பது இடைஞ்சல் என்று தோன்றும். கணக்குத் தெரிந்தவருக்கு அது அதிர்ஷ்டம். 2025ஐயே எடுத்துக்கொள்ளலாம். தெலுங்கு ஆஷாடம் ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலை 24இல் முடிந்தது. அத்தனை நாளும் தெலுங்கு வீடுகளில் கல்யாணமில்லை. ஜூலை 25இல் சிராவணம் பிறந்ததும் அங்கே முகூர்த்தம் களைகட்ட, தமிழ்நாட்டில் ஆடி மாதம் ஆகஸ்ட் 16வரை நீடித்தது. ஒரு சந்தை படுத்திருக்கும்போது இன்னொன்று எழுந்து நிற்கிறது. 2024 மே மாதம் இன்னும் பெரிய பாடம். சுக்கிரனும் குருவும் அடுத்தடுத்து அஸ்தமனம் ஆனதால் தெலுங்குப் பஞ்சாங்கத்தில் மூடம். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலை தொடக்கம்வரை முகூர்த்தமே கிடையாது. மல்லி கொட்டோ கொட்டென்று கொட்டும் மாதத்தில் கல்யாண மண்டபங்கள் பூட்டிக்கிடந்தால் பூவை யார் வாங்குவது? தமிழ்நாட்டிலோ மூடத்தை அந்த அளவுக்குப் பார்ப்பதில்லை, வைகாசிக் கல்யாணங்கள் நடந்தன. சந்திரகிரியிலிருந்து வேலூர் மூன்று மணி நேரத்துக்குள், சென்னைக் கோயம்பேடு 150 கிலோமீட்டர் அளவில். எந்த மாதம் கூடை எந்தத் திசைக்குப் போகும் என்பதைச் செடி நடும்போதே தீர்மானித்தவருக்கு மே மாதம் கையைக் கடித்திருக்காது.

பூவை எதற்காகப் போடவேண்டும் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். இந்த வட்டாரத்தின் பெரிய பயிர்கள் மாவும் நிலக்கடலையும் கரும்பும். மாவில் முக்கால்வாசி கூழ் ஆலைக்குப் போகும் தோத்தாபுரி. வருடத்தில் ஒரே அறுவடை, ஒரே வாங்குபவர், ஒரே விலை. 2025இல் ஆலை வாசலில் லாரிகள் நாள்கணக்கில் நின்றன. ஆலை கிலோவுக்கு 8 ரூபாய் தரவேண்டும், அரசு 4 ரூபாய் சேர்க்கும் என்று அறிவிக்கும் நிலை வந்தது. தக்காளிக் கதை வேறு: 2023 ஜூலையில் மதனப்பள்ளியில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் போய், செப்டம்பரில் பத்துக்குக் கீழே விழுந்து ரோட்டில் கொட்டப்பட்டது. பூவும் ஏறி இறங்கும். ஆனால் பூ மூன்று நாளுக்கொரு தரம் காசாகும். ஏக்கருக்கு ஏழு டன் என்பது செண்டுமல்லிக்கு நல்ல விளைச்சல். இருபது சென்ட்டுக்கு 1,400 கிலோ. இரண்டு மாதத்தில் இருபது பறிப்பு என்று வைத்தால் ஒரு பறிப்புக்கு 70 கிலோ. கிலோ 15 ரூபாய் போகிற நாளில் ஆயிரம் ரூபாய் சொச்சம். 60 போகிற நாளில் நாலாயிரம். மண்டிக் கமிஷன், வண்டிக்கூலி போக மிச்சம் பெரிய பணம் இல்லை. வீட்டு மளிகை, மாட்டுத் தவிடு, பிள்ளைக்கு நோட்டு, மருந்துக்கடை பாக்கி ஆகியவற்றைக் கந்துவட்டியில்லாமல் சமாளிக்கிற பணம் அது. மாங்காய்க் காசு வருகிறவரை மாந்தோப்பை விற்காமல் வைத்திருக்க உதவுகிற பணம். பூவை லாபப் பயிராக எழுதுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். அது பால்மாடு மாதிரி, வீட்டின் அன்றாடச் செலவுக்கானது.

'திருமலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பூவுக்குச் சந்தை தேடுவதா?' என்று கேட்பவர் உண்டு. வெளியூர்க்காரர் எல்லோருக்கும் முதலில் தோன்றும் கேள்வி இது. வைணவ மரபில் திருவரங்கம் போக மண்டபம், காஞ்சி தியாக மண்டபம், திருமலை புஷ்ப மண்டபம். மலையில் பூத்ததெல்லாம் மலையப்பனுக்கே என்பதால் அங்கே பெண்கள் தலையில்கூடப் பூ வைப்பதில்லை. கார்த்திகை மாதத் திருவோணத்தில் நடக்கும் புஷ்பயாகம் ஒன்றுக்கே ஏழு முதல் ஒன்பது டன் பூ போகிறது. ஆனால் அந்தப் பூ சந்திரகிரிச் சிறு விவசாயியின் கூடையிலிருந்து போகவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் மூன்றிலிருந்தும் நன்கொடையாளர்கள் லாரியில் அனுப்புகிறார்கள். இது இன்று நேற்று வந்த ஏற்பாடும் இல்லை. குளிருக்கு அஞ்சாமல் மலைமேல் தங்கிப் பூத்தொண்டு செய்ய யார் தயார் என்று ராமானுஜர் கேட்க, எழுந்து நின்றவர் அனந்தாழ்வான் என்பது குருபரம்பரை சொல்லும் செய்தி. ஏரி வெட்டவும் தோட்டம் போடவும் கர்ப்பிணி மனைவியோடு அவரே மண் சுமந்தார் என்கிறார்கள். பிரம்மோற்சவம் முடிந்த மறுநாள் பெருமாள் இன்றும் அவர் தோட்டத்துக்கு எழுந்தருளுகிறார். சந்திரகிரியிலிருந்து ஆண்டுவந்து, 1485இல் விஜயநகர அரியணை ஏறிய சாளுவ நரசிம்மர் காலத்திலும் அதற்கு முன்பின்னும் நந்தவனத்துக்கு விட்ட மானியங்களைத் திருமலைக் கல்வெட்டுகள் பேசுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை தமிழ்க் கல்வெட்டுகள். ஆக, பெருமாளுக்கு வேண்டிய பூவைக் கோயில் தன் தோட்டத்திலிருந்தும் தானத்திலிருந்தும் எடுத்துக்கொள்வதே பல நூற்றாண்டு வழக்கம். விவசாயியிடம் விலைக்கு வாங்குவது மலையடிவாரம்: திருப்பதி டவுன், திருச்சானூர் கோயில் வாசல், கல்யாணமான கையோடு தம்பதிகள் வந்து நிற்கும் ஸ்ரீனிவாசமங்காபுரம், வெள்ளிக்கிழமை வாசல்படிக்குப் பூ வைக்கும் ஆயிரமாயிரம் வீடுகள். மலை இங்கே வாங்குபவர் இல்லை, கூட்டத்தை வரவழைப்பவர்.

இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. எல்லோர் வீட்டிலும் பஞ்சாங்கம் இருக்கிறது. எல்லோரும் ஒரே தேதிக்குக் குறிவைத்தால் அன்றைக்குப் பூ மலையாய்க் குவிந்து விலை விழாதா? விழும். ஆயுத பூஜைக்கு முதல் நாள் காலை இருந்த விலை அன்று மாலைக்குள் பாதியாவதும், மறுநாள் மிஞ்சிய மூட்டை குப்பைக்குப் போவதும் தென்னிந்தியப் பூச்சந்தை எல்லாவற்றிலும் நடப்பதே. ஆனால் தேதி பார்ப்பது என்றால் பண்டிகை அன்றைக்கே குறிவைப்பது என்று பொருளில்லை. இருபது சென்ட்டையும் ஒரே நாளில் ஒரே பூவால் நிரப்பினால் அது சூதாட்டம். ஐந்தைந்து சென்ட்டாகப் பிரித்து மூன்று வாரம் விட்டு விட்டு நட்டால் ஏதோ ஒரு துண்டு எப்போதும் முதல் பூவில் இருக்கும். பூக்களின் குணமும் ஒன்றுக்கொன்று ஈடு கொடுக்கிறது. மல்லி பங்குனி, சித்திரையில் அள்ளித் தரும், குளிரில் கையை விரித்துவிடும். அதனால்தான் மார்கழி, தையில் மதுரையில் கிலோ 3,000 ரூபாயைத் தாண்டிய ஆண்டுகள் உண்டு. சாமந்தி நேர்மாறு. பகல் குறுகி இரவு நீளும்போதுதான் அது மொட்டுக் கட்டும். ஆனி, ஆடியில் வேர்விட்ட குச்சியை நட்டால் ஐப்பசியிலிருந்து தைவரை பூ. ஓசூர், கோலார் பக்கம் ராத்திரியில் பஸ்ஸில் போகிறவர்கள் வயல் முழுக்கக் கல்யாண வீடு மாதிரி பல்பு எரிவதைப் பார்த்திருக்கலாம். அது சாமந்திக்குப் போடும் தூண்டில்: 'இன்னும் இரவாகவில்லை' என்று செடியை நம்பவைத்துப் பூக்கும் தேதியைத் தள்ளிப்போடுகிறார்கள். தேதிக்குப் பணம் உண்டு என்பதற்கு இதைவிட வெளிச்சமான சாட்சி வேண்டாம்.

இந்த ஏற்ற இறக்கம் எதிலும் கலந்துகொள்ளாமல் ஓரமாக நிற்கும் பூ கனகாம்பரம். அதற்கு மணம் கிடையாது, அதனாலேயே படித்தவர் எழுத்தில் மதிப்பும் கிடையாது. ஆனால் சட்டென்று வாடாது. கட்டிய சரம் மறுநாளும் நிறம் குன்றாமல் இருக்கும். கொஞ்சம் நிழல் விழுந்தாலும் கவலைப்படாது, எனவே இளம் தென்னை, மா வரிசைகளுக்கு நடுவே போடலாம். ஒரு தரம் நட்டால் இரண்டு மூன்று வருடம், கதிர் கதிராக, நாள்விட்டு நாள் பறிக்கலாம். ஆரஞ்சு நிறத்து டெல்லி கனகாம்பரம் விதையே பிடிக்காத மும்மடிய ரகம். குச்சி வைத்துத்தான் பெருக்க வேண்டும், அதனால் நல்ல செடி வைத்திருக்கும் வீட்டில் அக்கம்பக்கத்துப் பெண்கள் குச்சி கேட்டு நிற்பார்கள். அதற்கு எமன் வேரில் முடிச்சுப் போடும் நூற்புழு. அந்த நூற்புழுவை அடக்கும் பொருளைச் செண்டுமல்லியின் வேர் சுரக்கிறது. செண்டுமல்லி போட்டு எடுத்த துண்டில் அடுத்துக் கனகாம்பரம் வைப்பது அதனால் நல்ல வரிசை. தக்காளி பதினாறு வரிசைக்கு ஒரு வரிசை செண்டுமல்லி வைத்தால் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி பூவைத் தேடிப் போகும், தக்காளி தப்பும். விற்காத செண்டுமல்லி கோழிக்குப் போனால் முட்டைக் கரு மஞ்சள் ஏறும். தொழிற்சாலைகள் அதே இதழிலிருந்து சாயம் எடுத்துக் கோழித் தீவனத்தில் கலப்பதும் இதற்குத்தான். ஒரு சிறு நிலத்தில் பூ தனிப் பயிராக நிற்பதில்லை, மற்றதையெல்லாம் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு இருட்டில் எழுந்து பறிக்கும் கைகளைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையில்லை. மல்லி மொட்டைப் பொழுது விடியுமுன் எடுத்தால்தான் மாலையில் கடைக்காரர் கையில் மலரும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பனியில் முந்தானை நனைய, பாம்புக்குப் பயந்து காலைத் தட்டித் தட்டி வைத்து, மூன்று நான்கு மணிக்கே வரிசையில் இறங்குகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். செண்டுமல்லியில் ஒரு கைப்பிடிக்கு நாலு பூ. கனகாம்பரத்தில் ஒரு கிலோ சேர ஆயிரக்கணக்கில் கிள்ளவேண்டும். இந்த உழைப்பைக் கூலியாகப் போட்டால் லாபம் என்று சொன்னதெல்லாம் காணாமல் போகும் என்பது நியாயமான குற்றச்சாட்டு. நெல்லுக்கும் கடலைக்கும் ஆதரவு விலை நிர்ணயிக்கையில் குடும்ப உழைப்பையும் செலவில் சேர்க்கிறார்கள். பூவுக்கு ஆதரவு விலையும் இல்லை, அந்தக் கணக்கும் இல்லை. இதற்கு என் பதில் ஓரளவுதான் பதில். பூ போடும் நிலத்தைச் சென்ட்டால் அளக்கக் கூடாது, விரலால் அளக்க வேண்டும். சூரியன் ஏறுவதற்குள் வீட்டிலிருக்கும் கைகள் பறித்து முடிக்கிற அளவுதான் அந்த வீட்டின் பூந்தோட்டம். இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு அரை ஏக்கர் மல்லி என்பது பயிர் இல்லை, தண்டனை. பூக்களைக் கலந்து வைப்பதில் இங்கேயும் ஒரு பயன்: சாமந்தியைப் பனி உலர்ந்தபின் எடுத்தால் போதும், கனகாம்பரம் நாள்விட்டு நாள். மல்லி மட்டும் போட்டவருக்குத்தான் ஒரு நாளும் தூக்கம் இல்லை. பறிக்கிற கைக்கே மண்டிச் சீட்டும் வரவேண்டும் என்பதைச் சேர்த்துச் சொல்லலாம். சீட்டு ஆண் பெயரில், பனி பெண் தலையில் என்றால் எந்தப் பஞ்சாங்கமும் உதவாது.

தேதியை நம்பினால் வானம் சும்மா இருக்குமா என்பதும் கேட்க வேண்டியதே. சாமந்தி பூத்துக் குலுங்கும் ஐப்பசி, கார்த்திகைதான் இங்கே வடகிழக்குப் பருவமழைக் காலம். 2021 நவம்பரில் திருப்பதியே தண்ணீரில் மிதந்தது. மணல் மட்டுமே தெரிகிற சுவர்ணமுகி கரைமீறி ஓடியது. ராயலசெருவு ஏரிக்கரை உடையுமோ என்று கீழூர்களைக் காலி செய்தார்கள். ஈரம் கோத்த சாமந்தி இரண்டே நாளில் பழுப்பேறி அழுகும். அதற்கு முந்தைய ஆண்டு வேறு விதம்: 2020 மார்ச் 20இல் திருமலை தரிசனம் நின்றது, ஜூன் 8வரை கதவு திறக்கவில்லை, கல்யாணமும் இல்லை. மல்லிப் பருவம் முழுக்கச் செடியிலேயே மலர்ந்து உதிர்ந்தது. இவற்றுக்குத் தேதிக் கணக்கில் மருந்து இல்லை. இருப்பது ஒன்றே: இருபது சென்ட்டில் போனது இருபது சென்ட்டின் முதல்தான். நகையை வைத்து இரண்டு ஏக்கர் பூ போட்டவருக்கு நேர்ந்ததும் மாடு, கடலை, மாவோடு ஓரத்தில் பூ வைத்தவருக்கு நேர்ந்ததும் ஒன்றல்ல.

'சிறு துண்டில் நாட்டுப் பூவைக் கட்டிக்கொண்டு அழுவதைவிடப் பசுமைக்குடில் போட்டு ரோஜா, ஜெர்பரா வளர்க்கலாமே' என்று மேடைதோறும் கேட்கிறது. குப்பம் இதே பழைய சித்தூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1990களின் கடைசியில் இஸ்ரேல் முறையில் அங்கே அரசே செலவேற்றுச் சொட்டுநீர்க் காய்கறிப் பண்ணை போட்டது. விளைச்சல் வந்தது, அரசின் கை விலகியதும் சிறு விவசாயியால் அதைத் தனியே இழுக்க முடியவில்லை. சொட்டுநீர்க் குழாய் மட்டும் நிலைத்தது, அது நல்லதே. கல்யாணி அணை 1977 முதல் இருந்தும் மேட்டு நிலத்துக்கு ஆழ்துளைக் கிணறுதான் கதி என்றிருக்கும் சந்திரகிரியில் பூவை அந்தக் குழாய்தான் காப்பாற்றுகிறது. பசுமைக்குடில் கெட்டது என்பதில்லை. ஓசூரில் பிப்ரவரி 14ஐக் குறிவைத்து ரோஜா வளர்க்கிறார்கள், அதுவும் தேதிதான். ஆனால் அந்த ஒரு தேதிக்கு லட்சக்கணக்கில் முதல் போட்டு, குளிர்பதன வண்டியும் விமானமும் பிடிக்க வேண்டும். முழத்துக்கு விற்கும் பூவுக்கு வாழைநாரும் பஸ் கண்டக்டரின் தயவும் போதும்.

தோட்டக்கலைத் துறையின் உதிரிப்பூ உதவி ஹெக்டேர் கணக்கில் வருகிறது; ஐந்து சென்ட் துண்டுகளாக நடுகிறவர் அந்தப் படிவத்தில் எங்கே தன்னை எழுதுவது? காரீஃப், ராபி என்ற இரண்டு பருவம்தான் அலுவலகத்துக்குத் தெரியும். ஆஷாடம், அதிக மாசம், மூடம் தெரியாது. பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பயிர்த்திட்டம் போடுவது மூடநம்பிக்கை என்று சிலருக்குப் படலாம். சுக்கிரன் மறைந்தால் கல்யாணம் கூடாது என்பதை விவசாயி நம்பவே வேண்டியதில்லை, பூ வாங்குகிறவர் நம்புகிறார் என்று தெரிந்தால் போதும். ரயில் நேர அட்டவணையைப் பார்ப்பவர் ரயிலை வணங்குவதில்லை. கிராமத்து விவசாய சேவை மையச் சுவரில் உர விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டினால் காரியம் ஆகும்: வரலட்சுமி விரதம், சதுர்த்தி, புரட்டாசி சனி, திருச்சானூர் பஞ்சமி தீர்த்தம், வைகுண்ட ஏகாதசி, சங்கராந்தி, மாசியில் மங்காபுரம் உற்சவம், உகாதி, ஒவ்வொன்றுக்கும் எந்தப் பூவுக்கு எந்த நாள் விதை, எந்த நாள் குச்சி, எந்த நாள் கவாத்து. கவாத்து அதில் முக்கியம், மல்லிச் செடியைக் கார்த்திகையில் வெட்டும் நாளே பங்குனியில் பூ வரும் நாளை முடிவு செய்கிறது. வருடா வருடம் அந்தத் தாளை மாற்றி ஒட்ட வேண்டியிருக்கும். 2027இல் சதுர்த்தி செப்டம்பர் 4. செண்டுமல்லி விதை ஜூன் 16இல் நாற்றங்காலில் இருக்க வேண்டும்.